திஞ்சான்: பர்மியப் புத்தாண்டு விழா

திஞ்சான் என்பது மியன்மார் (பர்மா) நாட்டின் புத்தாண்டு விழா. ஆண்டுதோறும் ஏப்ரல் நடுவில் நான்கைந்து நாள் நடைபெறும். சூரியன் மேஷ ராசியில் புகுவதை ஒட்டி வருவதால் 'சங்கராந்தி' என்ற வடசொல்லே பர்மிய நாவில் திஞ்சான் ஆயிற்று. தாய்லாந்தின் சொங்க்ரான், கம்போடியாவின் சங்க்ரான், லாவோஸின் சங்கான், மேற்கு மியன்மாரிலுள்ள அரக்கானின் சங்ரைன் ஆகிய பெயர்களுக்கும் அதுவே வேர். ஒருவர்மேல் ஒருவர் நீர் வார்ப்பது இவ்விழாவின் முதன்மை அடையாளம். வெளிநாட்டார் இதை 'நீர்த் திருவிழா' என்றே அறிவர். நீர் விளையாட்டோடு வான்கணிதம், பௌத்த நோன்பு, மூத்தோருக்குத் தொண்டு, உயிர்களை விடுவித்தல், ஊர்ச் சமையல், அங்கதப் பாட்டு ஆகியவையும் சேர்ந்ததே முழுத் திஞ்சான். கடந்த ஆண்டின் அழுக்கைக் கழுவிப் புது ஆண்டுக்குள் தூய்மையாக நுழைவது என்ற ஒரே எண்ணம் இவை அனைத்திலும் ஓடுகிறது.

காலக்கணிப்பு

பர்மிய நாட்காட்டி சந்திர மாதங்களைக் கொண்டது. ஆண்டுப் பிறப்பை முடிவு செய்வதோ சூரியன். பன்னிரண்டு சந்திர மாதங்கள் சேர்ந்தால் 354 நாளே வரும். சூரிய ஆண்டோடு அதை இணைக்க, 19 ஆண்டுகளில் 7 முறை வாசோ என்னும் மாதம் இரண்டு தடவை வரும்படி கணக்கிடுகிறார்கள். முதல் மாதத்தின் பெயர் தகூ. புத்தாண்டு நாள் பெரும்பாலும் தகூவில் விழும். சில ஆண்டுகளில் அடுத்த மாதமான கசோனின் தொடக்கத்துக்குத் தள்ளிப்போகும். பிறை எதுவாயினும் சூரியன் மேஷத்துக்கு வந்தால்தான் ஆண்டு பிறக்கும்.

பர்மிய ஆண்டுக் கணக்கு கி.பி. 638 மார்ச் 22 அன்று தொடங்குகிறது. அதற்கு முன் வழக்கிலிருந்த சக ஆண்டிலிருந்து 560 ஆண்டுகளைக் கழித்துவிட்டு எண்ணிக்கை புதிதாகத் தொடங்கப்பட்டது. பாகன் நகரை ஆண்ட போப்பா சோரஹான் என்ற மன்னர் இதைச் செய்தார் என்று பர்மிய வரலாற்றேடுகள் கூறுகின்றன; பியூ மக்களின் தலைநகரான ஸ்ரீக்ஷேத்திரத்தில் இது தோன்றியிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. பாகன் பேரரசு விரிந்தபோது இந்த ஆண்டுக் கணக்கும் கிழக்கே பரவியது. சியாமில் (இன்றைய தாய்லாந்து) 'சூள சகராஜ்' என்ற பெயரில் 1889 வரை இதுவே அரசின் ஆண்டுக் கணக்காக இருந்தது. 2025 ஏப்ரலில் பிறந்தது பர்மிய ஆண்டு 1387.

கணிப்பின் அடிப்படை இந்தியச் சித்தாந்த வானியல். சூரிய சித்தாந்தத்தின் பழைய வடிவப்படி 800 ஆண்டுகளுக்கு 2,92,207 நாள். ஆகவே ஓர் ஆண்டின் நீளம் 365.25875 நாள். பருவங்கள் திரும்பி வர ஆகும் காலமோ 365.2422 நாள்தான். ஆண்டுக்கு ஏறத்தாழ 24 நிமிடம் என்ற இந்த வேறுபாடு சேர்ந்து சேர்ந்து, சுமார் 60 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் புத்தாண்டைப் பின்னுக்குத் தள்ளிவருகிறது. 7-ஆம் நூற்றாண்டில் சம இரவு நாளை ஒட்டி மார்ச்சில் வந்த புத்தாண்டு இன்று ஏப்ரல் 17 அளவில் வருவது இதனால்தான். தமிழ்நாட்டில் சித்திரை முதல் நாள் சம இரவு நாளைவிட்டு மூன்று வாரத்துக்கும் மேலாகத் தள்ளி வருவதற்கும் இதுவே காரணம்.

விழா ஏன் ஒரு நாளில் முடிவதில்லை என்பதற்கும் விடை கணிதத்திலேயே இருக்கிறது. வானில் சூரியன் சீரான வேகத்தில் நகர்வதில்லை. அதனால் சித்தாந்த நூலார் கண்ணுக்குத் தெரியும் உண்மைச் சூரியன், ஒரே வேகத்தில் நகர்வதாகக் கொள்ளும் சராசரிச் சூரியன் என இரண்டை வைத்துக் கணக்கிட்டனர். உண்மைச் சூரியன் மேஷத்தில் புகுந்து சுமார் 2 நாள் 4 மணி நேரம் கழிந்த பிறகே சராசரிச் சூரியன் புகும். முதல் நுழைவு நிகழும் நாளைப் பர்மியர் 'அச்சா' என்றும், இரண்டாம் நுழைவு நிகழும் நாளை 'அத்தெட்' என்றும் அழைக்கின்றனர். தமிழர் ஆண்டுப் பிறப்பாகக் கொள்வது முதல் நுழைவை. பர்மியர் இரண்டாவது நுழைவு முடிந்த மறுநாளைக் கொள்கின்றனர். இவ்விரண்டுக்கும் நடுவே கிடைக்கும் இடைவெளி பழைய ஆண்டிலும் சேராமல் புது ஆண்டிலும் சேராமல் நிற்கிறது. அந்த இடைவெளியில்தான் நீர்த்திருவிழா நடக்கிறது. தமிழ்ப் புத்தாண்டு பெரும்பாலும் திஞ்சானின் தொடக்க நாள்களில் அமைவதும் இதனால்தான்.

முடியாட்சிக் காலத்தில் இந்தக் கணக்கு அரசவைச் சோதிடர்களின் பொறுப்பு. 'பொன்னா' எனப்பட்ட பிராமணர்கள் அப்பணியில் இருந்தனர். அவர்களில் பலர் மணிப்பூரிலிருந்தும் அரக்கானிலிருந்தும் அழைத்து வரப்பட்டவர்களின் வழியினர். அச்சா, அத்தெட் நேரங்களை மணி, நிமிடம், நொடி வரை குறித்து 'திஞ்சான் சா' என்ற அறிவிப்பு வெளியாகும். அவ்வாண்டின் மழை, விளைச்சல், நோய், ஆட்சி பற்றிய பலன்களும் அதில் இருக்கும். இன்றும் இது அச்சாகி விற்பனைக்கு வருகிறது. தமிழர் வீடுகளில் பஞ்சாங்கம் படிக்கும் வழக்கத்துக்கு இணையானது இது.

தொன்மங்கள்

பர்மியரிடையே வழங்கும் கதைப்படி, தேவர்களின் அரசனான தஜாமின் அச்சா நாளில் வானுலகிலிருந்து மண்ணுக்கு இறங்குகிறான். பௌத்த நூல்களின் சக்கனும் இந்து மரபின் இந்திரனும் இவனே. அவன் கையில் இரண்டு ஏடுகள் இருக்கும். நல்லது செய்தவர் பெயரைப் பொன்னேட்டிலும் தீயது செய்தவர் பெயரை நாய்த்தோல் ஏட்டிலும் அவன் எழுதிக்கொள்கிறான். அத்தெட் நாளில் திரும்பவும் மேலே போகிறான். அவன் எந்த ஊர்தியில் வருகிறான், கையில் என்ன ஏந்தியிருக்கிறான் என்பதை வைத்து ஆண்டுப் பலன் சொல்வார்கள். நீர்க்குடம் ஏந்தி வந்தால் மழை தவறாது என்பது நம்பிக்கை. விழா நாள்களில் சேட்டை செய்யும் பிள்ளைகளிடம் 'தஜாமின் நாய்த்தோலில் எழுதிவிடுவான்' என்று பெரியவர்கள் எச்சரிப்பதுண்டு.

மற்றொரு கதை, ஆண்டுப் பிறப்புக்கே காரணம் சொல்கிறது. அர்சி என்னும் பிரம்மனுக்கும் தஜாமினுக்கும் ஒரு கணக்கில் வாதம் மூண்டது. தோற்றவன் தலையைக் கொடுப்பது என்பது பந்தயம். பிரம்மன் தோற்றான், தலை துண்டிக்கப்பட்டது. அந்தத் தலையைக் கடலில் எறிந்தால் கடல் வற்றும், மண்ணில் வைத்தால் மண் தீயும், வானில் வீசினால் வானம் பற்றி எரியும். ஆகவே தேவ கன்னியர் எழுவரிடம் அது ஒப்படைக்கப்பட்டது. ஒருத்தி ஓராண்டு தாங்கி, அடுத்தவளிடம் கை மாற்றுவாள். கை மாறும் அந்த வேளையே ஆண்டுப் பிறப்பு. தலை இழந்த உடலுக்கு யானைத் தலை பொருத்தப்பட்டு விநாயகர் ஆனார் என்றும் பர்மியக் கதை முடிகிறது.

இதே கதை தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா நாடுகளில் சற்று வேறு வடிவில் வழங்குகிறது. அங்கே பிரம்மனின் பெயர் கபிலன். எதிரே நிற்பவன் பறவைகளின் மொழி அறிந்த தம்மபாலன் என்ற இளைஞன். மனிதனின் திரு காலையில் எங்கே தங்குகிறது, நண்பகலில் எங்கே, மாலையில் எங்கே என்பது பிரம்மன் கேட்ட விடுகதை. மரத்தடியில் மனம் சோர்ந்து கிடந்த இளைஞன், மேலே கழுகு இணை பேசிக்கொண்டதைக் கேட்டு விடையை அறிகிறான். காலையில் முகத்தில், அதனால் முகம் கழுவுகிறோம்; நண்பகலில் மார்பில், அதனால் மார்பில் நறுமணம் பூசுகிறோம்; மாலையில் பாதத்தில், அதனால் கால் கழுவுகிறோம். தோற்ற கபிலனின் தலையை அவனுடைய ஏழு பெண்களும் முறை வைத்துத் தாங்குகின்றனர். கிழமைக்கு ஒருத்தி என்பது கணக்கு. ஆண்டு எந்தக் கிழமையில் பிறக்கிறதோ அந்தக் கிழமைக்குரியவள் அவ்வாண்டின் தேவி. ஞாயிறு என்றால் துங்சா. பாங்காக்கின் வாட் போ விகாரையில் இக்கதை கல்வெட்டாகவே பொறிக்கப்பட்டுள்ளது. இரண்டு வடிவங்களிலும் பொருள் ஒன்றுதான்: சுடும் கோடையின் தீயை உலகம் தாங்கிக்கொள்ள முறைப்படி ஆள் மாறி மாறிச் சுமக்க வேண்டும், நீரால் குளிர்விக்க வேண்டும்.

முடியாட்சிக் காலம்

திஞ்சான் பற்றிய புகழ்பெற்ற பழைய செய்தி பாகனின் நரதிஹபதி மன்னரைச் (ஆட்சிக்காலம் 1256–1287) சார்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட கண்ணாடி மாளிகை வரலாற்றேடு அதைச் சொல்கிறது. அரண்மனையிலிருந்து ஐராவதி ஆற்றங்கரை வரை பிறர் கண்ணில் படாதபடி மறைப்புப் பாதை அமைத்து, மன்னர் தம் அந்தப்புரத்தாருடன் நீராடச் செல்வாராம். ஒரு திஞ்சானில் சோ லோன் என்ற அரசியின்மேல் நீரை வாரி இறைக்கும்படி பணிப்பெண்ணுக்கு மன்னர் சைகை காட்டினார். முகமும் கூந்தலும் நனைந்து எல்லார் முன்னும் நகைப்புக்கு ஆளான அரசி அதை மனத்தில் வைத்திருந்து, மன்னரின் உணவில் நஞ்சு கலந்தாள். மன்னர் உண்ணுமுன் நாய் ஒன்று தும்ம, ஐயுற்றவர் உணவை அதற்குப் போட்டார், அது இறந்தது. அரசி தீயிலிடப்பட்டாள். நிகழ்வுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட செய்தி இது. ஆயினும் நீர் விளையாட்டு பாகன் காலத்து வழக்கம் என்றே பர்மியர் நினைவில் நின்றதற்கு இது சான்று.

பர்மாவின் கடைசி அரச மரபான கொன்பவுங் வம்சத்து அரசர்களுக்குத் திஞ்சானில் தலைமுழுகும் சடங்கு நடந்தது. அதற்கான நீர், தன்ல்வின் ஆற்று முகத்தில் மோத்தமாவுக்கும் மோல்மீனுக்கும் இடையே உள்ள சிறு தீவின் ஊற்றிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டது. அத்தீவு இன்றும் 'தலை கழுவும் தீவு' எனப் பொருள்படும் கவுங்ஸே ஜூன் என்ற பெயரால் வழங்குகிறது.

கண்ணால் கண்டு எழுதியவர்களில் மைக்கேல் சைம்ஸ் குறிப்பிடத்தக்கவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராக ஆவா எனப்பட்ட பர்மிய அரசவைக்கு 1795-இல் சென்ற அவர், வழியில் பெகு நகரில் ஏப்ரல் 12 அன்று இவ்விழாவில் கலந்துகொண்டார். பெகு ஆளுநர் அழைக்க, தூதுக்குழுவினர் மெல்லிய வெள்ளாடை உடுத்திச் சென்றனர். அன்று பெண்கள் எதிர்ப்படும் ஆண்கள்மேல் நீர் ஊற்றலாம். ஆண்கள் திருப்பி ஊற்றலாம். கருவுற்ற பெண்கள்மேல் மட்டும் யாரும் நீர் தெளிப்பதில்லை. எவ்வளவு ஆரவாரம் இருந்தாலும் ஒழுங்கு மீறல் எதுவும் இல்லை என்று சைம்ஸ் 1800-இல் வெளிவந்த நூலில் வியந்து எழுதினார். 1882-இல் ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்காட், ஷ்வே யோ என்ற புனைபெயரில் எழுதிய நூலும் புத்தாண்டு விழாவுக்குத் தனி இயலே ஒதுக்கியது.

நீர் வார்க்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதில் பல கருத்துகள் உண்டு. வட இந்தியாவின் ஹோலிப் பண்டிகையோடு இதைத் தொடர்புபடுத்துவோர் உள்ளனர். ஹோலியோ பங்குனி முழுநிலவை ஒட்டியது. திஞ்சான் சூரிய நுழைவை ஒட்டியது. நாட்காட்டி அடிப்படையில் இரண்டும் வேறு. மத்திய பர்மாவில் ஏப்ரல் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மே நடுவில்தான் பருவமழை வரும். அறுவடை முடிந்து உழவு தொடங்காத ஓய்வு வேளை அது. நீரை வேண்டியும் நீரால் குளிர்வித்தும் நடக்கும் விழா அப்பருவத்தில் வேர்கொண்டது இயல்பானதே.

விழா நடைமுறை

முதல் நாள் 'அச்சோ', அதாவது முந்தைய நாள். வீடுகள் துடைத்துக் கழுவப்படும். பலர் எட்டு நெறி நோன்பு ஏற்று நண்பகலுக்குப் பின் உணவைத் தவிர்ப்பர். விகாரைகளுக்கு அன்னம் எடுத்துச் செல்வர். அன்று ஒவ்வொரு வீட்டிலும் 'அத்தா' கலசம் தயாராகும். புது மண் கலயத்தில் நீர் நிரப்பி, அதில் பூங்கொத்துகளையும் தளிர்களையும் செருகி வைப்பார்கள். தப்யே என்னும் நாவல் இனத் தழை இதில் தவறாமல் இடம்பெறும். வெற்றியைக் குறிக்கும் தழை என்று அதைப் போற்றுவதால் புத்தர் முன் வைப்பதும் அதுவே.

இரண்டாம் நாள் அச்சா. சோதிடர் குறித்த நேரத்தில் பீரங்கி வெடிக்கும். தஜாமின் இறங்கிவிட்டான் என்பதற்கு அதுவே அறிவிப்பு. வீட்டார் கலசத்தை எடுத்து வந்து வணங்கி, நீரைத் தரையில் வார்ப்பர். நீர் விளையாட்டு அதற்குப் பின்னரே முழு வேகம் கொள்ளும். பழைய முறை மென்மையானது. வெள்ளிக் கிண்ணத்தில் நறுமண நீர் எடுத்து, தப்யே தழையை அதில் தோய்த்து, எதிரே நிற்பவரின் தோளில் வாழ்த்துச் சொல்லித் தெளிப்பார்கள். பிறகு கிண்ணம் வாளியாகி, மூங்கில் பீச்சாங்குழலாகி, இருபதாம் நூற்றாண்டில் ரப்பர் குழாயாகியது. நகரங்களில் தெருவோரம் பெரிய பந்தல் அமைத்து, ஏரி நீரைப் பம்பால் இறைத்து, லாரிகளிலும் ஜீப்புகளிலும் செல்வோர்மேல் பீய்ச்சுகிறார்கள். யாங்கூனில் இன்யா ஏரிக்கரையும் கண்டோஜி ஏரிக்கரையும், மாண்டலேயில் அரண்மனை அகழியின் கரையும் இதற்குப் பெயர் பெற்றவை. பிக்குகள்மேல் நீர் ஊற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு எங்கும் உண்டு.

மூன்றாம் நாள் 'அச்சாட்' எனப்படும் இடை நாள். கணக்கைப் பொறுத்துச் சில ஆண்டுகளில் இது இரண்டு நாளாக நீளும். அடுத்தது அத்தெட்; தஜாமின் திரும்பும் நாள். அன்று மாலையோடு நீர் விளையாட்டு ஓய்ந்துவிடும்.

அதற்கு மறுநாள் புத்தாண்டு. முந்திய நாள்களின் ஆரவாரம் அடங்கி, நாடே அறச்செயல்களில் இறங்கும். புத்தர் சிலைகளுக்கு நறுநீர் ஆட்டுவர். வற்றும் குட்டைகளில் தவிக்கும் மீன்களைப் பிடித்துக் குடங்களில் எடுத்துச் சென்று ஆற்றில் விடுவர். கொலைக்குச் செல்லும் மாடுகளை விலை கொடுத்து மீட்பர். மகன்களைச் சிறு துறவிகளாக்கும் ஷின்பியூ சடங்குக்கும் இது உகந்த வேளை. இளையோர் தெருவிலுள்ள முதியோரை உட்காரவைத்துத் தலை தேய்த்துக் குளிப்பாட்டி, நகம் வெட்டிவிடுவார்கள். தலைக்குத் தேய்ப்பது தயோ மரப்பட்டையும் சீயக்காயும் சேர்த்துக் காய்ச்சிய குழம்பு. உறவு இல்லாத முதியோருக்கும் இந்தத் தொண்டு நடப்பது திஞ்சானின் மிக உயர்ந்த கூறு. அரசும் அன்று கைதிகளை விடுதலை செய்யும் வழக்கம் கொண்டது. 2018 ஏப்ரல் 17 அன்று 8,500-க்கும் மேற்பட்டோர் விடுவிக்கப்பட்டனர்.

உணவும் பூவும்

திஞ்சானுக்கே உரிய பண்டம் 'மொன் லொன் யே போ'. ஒட்டும் அரிசி மாவோடு பச்சரிசி மாவைக் கொஞ்சம் சேர்த்துப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, நடுவில் ஒரு துண்டு பனைவெல்லம் வைத்து மூடுவார்கள். பெரிய வாணலியில் கொதிக்கும் நீரில் உருண்டைகளைப் போட்டால் முதலில் அடியில் தங்கும். வெந்ததும் மேலே மிதந்து வரும். அரித்து எடுத்துக் குளிர்ந்த நீரில் போட்டு, தேங்காய்த் துருவல் தூவிக் கொடுப்பார்கள். தெருவில் அடுப்பு மூட்டி, அக்கம்பக்கத்தார் கூடி உருட்டி, போவோர் வருவோர்க்கெல்லாம் காசு வாங்காமல் கொடுப்பதுதான் முறை. வெல்லத்துக்குப் பதில் காந்தாரி மிளகாயை உள்ளே வைத்து, யார் வாயில் சிக்குகிறது என்று பார்ப்பது இளைஞர்களின் குறும்பு. அரிசி மாவைச் சல்லடைக் கண் வழியே துளித்துளியாக விழச் செய்து, வெல்லப்பாகும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் குடிக்கும் 'மொன் லெட் சௌன்' வெயிலுக்கு இதமானது.

தெற்கு மியன்மாரின் மோன் இனத்தாரின் கொடை 'திஞ்சான் சோறு'. தேன்மெழுகுப் புகையின் மணம் ஏறிய குளிர்ந்த நீரில் சோற்றை இட்டு, உதிர்த்த விரால் கருவாடும் மாங்காய்த் தொக்கும் சேர்த்து உண்பது அது. சியாமில் குடியேறிய மோன் மக்கள் வழியே இது பாங்காக் அரண்மனைக்கும் போய்ச் சேர்ந்து, 'காவ் சே' என்ற பெயரில் தாய்லாந்தின் கோடை உணவாயிற்று.

திஞ்சானின் பூ பதவுக். தமிழ்நாட்டு வேங்கைக்கு நெருங்கிய உறவான மரம் அது. ஏப்ரலின் முதல் தூறல் விழுந்ததும் மரம் முழுதும் ஒரே இரவில் பொன் மஞ்சளாகப் பூத்து, மறுநாளே உதிர்ந்துவிடும். பெண்கள் கொண்டையில் சூடுவர், வாகனங்களிலும் கட்டுவர். குயில் திஞ்சான் பறவை எனப்படுகிறது. அதன் குரல் கேட்டதும் விழா நெருங்கிவிட்டது என்பர்.

பாட்டும் ஊர்வலமும்

திஞ்சானின் சிறந்த வாய்மொழிக் கலை தாஞ்சாட். பறையோசைக்கு ஏற்ப ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, குழுவினர் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். ஊரில் நடந்த முறைகேடு, விலைவாசி, அதிகாரிகளின் கையூட்டு, ஆட்சியின் தவறு எதையும் நகைச்சுவையோடு சொல்லலாம். ஆண்டின் அழுக்கைக் கழுவும் நாளில் ஊரின் அழுக்கையும் வாயால் கழுவ வேண்டும் என்பது இதன் நியாயம். 1988 மக்களாட்சி எழுச்சிக்குப் பின் வந்த இராணுவ ஆட்சி தாஞ்சாட்டைத் தடை செய்தது. 2013-இல் தடை நீங்கிற்று. ஆனால் 2019 திஞ்சானில் இராணுவத்தை எள்ளிப் பாடிய 'மயில் தலைமுறை' என்ற குழுவினர் கைதாகிச் சிறைத் தண்டனை பெற்றனர்.

மாண்டலே அலங்கார ஊர்திகளுக்கும் இசைக்கும் தலைநகர். அங்கே 1925-இல் தோன்றிய மியோமா இசைக்குழுவும், அதன் இசையமைப்பாளர் மியோமா ஞெயினும் (1909–1955) உருவாக்கிய பாடல்கள் இன்றும் திஞ்சானில் ஒலிக்கின்றன. இளம்பெண்கள் ஒரே உடையில் வரிசையாக ஆடும் யெய்ன் நடனம் பந்தல்களின் முதன்மை நிகழ்ச்சி. 1985-இல் வெளிவந்த 'திஞ்சான் மோ' (திஞ்சான் மழை) திரைப்படம் மாண்டலேயின் விழாவைக் களமாகக் கொண்டது.

அண்டை நிலங்களில்

அரக்கானில் விழாவுக்கு முன் பெண்கள் கூடிச் சந்தனம் அரைப்பர். மறுநாள் அதைக் கரைத்துப் புத்தர் சிலைகளுக்கு ஆட்டுவர். நீர் நிரப்பிய நீண்ட படகுகளைப் பந்தலில் நிறுத்தி, ஒரு பக்கம் ஆடவரும் மறுபக்கம் மகளிருமாக நின்று நீர் வீசுவது அங்கத்திய வழக்கம். வங்கதேசத்தின் சிட்டகாங் மலைப்பகுதியில் மர்மா மக்கள் சாங்ராய் என்றும், அருணாசலப் பிரதேசத்தில் தாய் காம்தி மக்கள் சங்கென் என்றும் இதையே கொண்டாடுகின்றனர். சீனாவின் யுன்னான் மாநிலத்து ஷிஷுவாங்பன்னாவில் தாய் மக்கள் இதைக் கொண்டாடுகிறார்கள். 1961-இல் அங்கு நடந்த விழாவில் சீனப் பிரதமர் சூ என்லாயும் பர்மியப் பிரதமர் ஊ நூவும் சேர்ந்து கலந்துகொண்டனர்.

தாய்லாந்தில் ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்க்ரான் விடுமுறை. 13 முதியோர் நாள், 14 குடும்ப நாள். சுலாலங்கோர்ன் மன்னர் 1889-இல் ஏப்ரல் 1-ஐ அரசின் ஆண்டுத் தொடக்கமாக ஆக்கினார். 1941 முதல் அது சனவரி 1 ஆயிற்று. ஆயினும் மக்களின் புத்தாண்டு சொங்க்ரான்தான். இளையோர் பெரியோரின் உள்ளங்கையில் நறுநீர் வார்த்து வாழ்த்துப் பெறுவர். சியாங் மாய் நகரில் பிர சிஹிங் புத்தர் சிலை ஊர்வலமாக எடுத்துச் செல்லப்படும். விடுமுறை நாள்களின் சாலை விபத்துகள் தாய்லாந்தின் பெருங்கவலை. அந்த ஏழு நாள்களை 'அபாய நாள்கள்' என்றே அரசு அறிவித்துக் கண்காணிக்கிறது.

லாவோஸின் லுவாங் பிரபாங்கில், நகருக்குப் பெயர் தந்த பிர பாங் புத்தர் சிலையை அரண்மனை அருங்காட்சியகத்திலிருந்து வாட் மாய் விகாரைக்கு எழுந்தருளச் செய்து மக்கள் நீராட்டுகின்றனர். மூதாதை இணையான பூ ஞோ, யா ஞோ முகமூடிகள் ஆடிவரும். மீகாங் மணலில் சிறு தூபிகள் எழுப்பிக் கொடி நடுவர்.

கம்போடியாவில் சூல் ச்னாம் த்மெய் மூன்று நாள் விழா. புது தேவி இறங்கும் நேரத்தைச் சோதிடர்கள் நிமிடம் வரை குறிப்பார்கள்; அந்நேரத்தில் வீடுதோறும் பழமும் விளக்கும் வைத்து வரவேற்பு நடக்கும். சுருட்டிய துணிப் பந்தை வீசிப் பாடி ஆடும் சோல் சூங், கொட்டை எறிந்து ஆடும் பொஸ் அங்குன் முதலிய விளையாட்டுகள் இளையோருக்கு உரியவை. 1975 ஏப்ரல் 17 அன்று, புத்தாண்டு முடிந்த கையோடு, பொதுவுடைமைக் கெமர் ரூஜ் படை தலைநகர் புனோம் பென்னைக் கைப்பற்றி நகர மக்களை வெளியேற்றியது. அவர்கள் ஆட்சியில் சமய விழாக்கள் ஒழிக்கப்பட்டன. 1979-இல் அவ்வாட்சி வீழ்ந்த பின்னரே புத்தாண்டு மீண்டது.

அண்மைக்காலம்

மியன்மாரில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் திஞ்சான் அரசின் கண்காணிப்புக்குள் வந்தது. பந்தல் அமைக்க அனுமதி, பாடல்களுக்குத் தணிக்கை, பெரும் வணிகர்களின் விளம்பரப் பந்தல்கள் என விழா மாறியது. 2010 ஏப்ரல் 15 அன்று யாங்கூன் கண்டோஜி ஏரிக்கரைப் பந்தல்களில் குண்டு வெடித்துப் பலர் உயிரிழந்தனர். 2011-க்குப் பின் வந்த ஒப்பீட்டுச் சுதந்திரக் காலத்தில் விழா மீண்டும் பொலிவு பெற்றது. 2020-இல் கொரோனாப் பெருந்தொற்றால் நின்றது.

2021 பிப்ரவரி 1 அன்று இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் மக்கள் அவ்வாண்டின் கொண்டாட்டத்தைப் புறக்கணித்தனர். பந்தல்கள் எழவில்லை. மாறாக, அத்தா கலசங்களைத் தெருவில் வரிசையாக வைத்து, எதிர்ப்பின் அடையாளமான மூவிரல் சின்னத்தை அவற்றில் வரைந்தனர். ஆண்டின் தீமையைக் கழுவும் சடங்கு, உள்ளூர் மக்களின் கையில் அரசியல் குரலாயிற்று. பின்வந்த ஆண்டுகளில் இராணுவம் நகரங்களில் பந்தல் அமைத்துக் கொண்டாட்டம் நடத்தியபோதும் பலர் வீட்டிலேயே நோன்பும் தானமுமாக நாளைக் கழித்தனர். 2025 மார்ச் 28 அன்று 7.7 அளவு நிலநடுக்கம் மாண்டலேயையும் சகாயிங்கையும் தாக்கி மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. மூன்று வாரத்துக்குள் வந்த திஞ்சான் ஆட்டமும் பாட்டும் இன்றி நடந்தது.

தாய்லாந்தின் சொங்க்ரானை 2023 டிசம்பரிலும், மியன்மாரின் அத்தா திஞ்சானை 2024 டிசம்பரிலும் யுனெஸ்கோ தன் மானுடத்தின் புலனாகாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒரே சூரிய நுழைவைக் கொண்டாடும் விழாக்கள் இவை; எந்த ஒரு நாட்டுக்கும் தனிச் சொத்து அல்ல. பர்மியர், மோன், அரக்கானியர், ஷான், தாய், லாவோ, கெமர் மக்கள் தத்தம் மொழியிலும் உணவிலும் கதையிலும் இதை வளர்த்திருக்கின்றனர். பந்தலும் பெருங்குழாயும் காலத்தோடு வந்தவை. கலச நீர், மூத்தோரின் தலைமுழுக்கு, தெருவில் பகிரும் பண்டம், விடுவிக்கப்படும் மீன் ஆகியவை அரசுகள் மாறியும் போர்கள் வந்தும் தலைமுறைதோறும் கைமாறி வருகின்றன.